வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார்

எங்கள் வீட்டு நெட் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. நிறுவனத்தின் பதிவேட்டின்படி அது சாகவே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நானும் அம்மாவும் ஏழு வாரம் குடியிருந்தோம்.

நெட் இல்லாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்டவர்கள் உண்டு. மற்ற வீடுகளில் முழுகாது. எங்கள் வீட்டில் நெட் இருந்தது என் தம்பிக்காக. அவன் போய் நான்கு வருடமாகிறது. எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது.

வேலையை விட்டுவிட்டு எந்நேரமும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று அப்பாவுக்கு எரிச்சல். ஒருநாள் பேச்சு முற்றி, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அப்பா சொன்ன ஒரு பேச்சையும் கேட்காதவன் அதை மட்டும் கேட்டான். அவன் எண்ணுக்குப் போன் செய்தால், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் சொல்லுவாள். நான்கு வருடமாக அதே பெண்தான்.

அவன் விட்டுப்போனது ஒரு பெட்டி. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, ஹாலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் எங்கிருந்தும் நெட் வழியாக உள்ளே வரக்கூடிய சர்வராக நிறுத்தியிருந்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஓயாமல் சுற்றும் ஒரு மின்விசிறி. அணைத்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மூன்றாம் மாதம், மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்தேகாலுக்குத் திரையில் ஒரு வரி ஓடியது. வெளியூர் இணைய எண் ஒன்றிலிருந்து, தம்பியின் பெயரில், அவனிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியைக் காட்டி, யாரோ உள்ளே வந்தார்கள். ஒரு நிமிடம் இருந்தார்கள். ஒன்றையும் தொடாமல் போய்விட்டார்கள்.

அடுத்த மாதமும் அதே ஞாயிறு, அதே நேரம், அதே ஒரு நிமிடம். எண் மட்டும் வேறு. வாசப்படியை மிதிக்காதே என்றுதானே அப்பா சொன்னார். அவன் மிதிக்கவில்லை, வேறு வழியாக வந்தான்.

எண்ணை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது என்று போலீஸில் கைவிரித்துவிட்டார்கள். இரண்டாம் வருடம் அப்பா இறந்தார். உள்ளே வருகிறவன் கண்ணில் முதலில் படும்படி பெட்டியில் எழுதிவைத்தேன்: "அப்பா போய்விட்டார். இனி நீ வரலாம்." அந்த மாதம் அவன் பதினோரு நிமிடம் இருந்தான். ஓர் எழுத்துக்கூட அடிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் பழையபடி ஒரு நிமிடம்.

முதல் ஞாயிறு என்றால் அம்மா ஒன்பது மணிக்கே குளித்து, தலைவாரி, திரைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். வரி ஓடியதும் "வந்துட்டான்" என்பாள். பிறகு மூச்சு விடாமல் பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்தது, தன் முழங்கால், என் பிடிவாதம், எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள். பெட்டிக்குக் காது கிடையாது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதுதான் எங்கள் நெட்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். சாம்பிள் எடுக்காமல் ரிசல்ட் எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நெட் போன அன்று அதே புத்தியோடுதான் உட்கார்ந்தேன். தம்பி ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தான்: "அக்கா, நெட் போனால் பதறாதே. பெட்டியை அடிக்காதே." அவன் சொல்லியிருந்த வரிசையில் பார்த்தேன். கேபிள் நன்றாக இருந்தது. பெட்டியில் கட்டளை தட்டி மோடத்தைக் கூப்பிட்டேன், பதில் சொன்னது. நிறுவனத்தின் முதல் இயந்திரத்தைக் கூப்பிட்டேன், அதுவும் சொன்னது. அதைத் தாண்டி எதைக் கூப்பிட்டாலும் பதில் வரவேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரங்கள் மட்டும் விழுந்தன. மூன்று நட்சத்திரம் விழுந்தால் கோளாறு அவர்கள் பக்கம், சண்டை போடு என்று நோட்டில் இருந்தது.

புகார் எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம் மேடம். உங்களோட பேசறதுல பெருமகிழ்ச்சி. மோடத்துல பச்சை லைட் எரியுதா?"

"எரியுது."

"அப்ப நெட் இருக்கு மேடம்."

"இல்லம்மா. உங்க முதல் மெஷின் வரைக்கும்தான் போகுது. அதுக்கப்புறம் மூணு நட்சத்திரம் வருது."

"மூணா? அஞ்சு குடுங்க மேடம். மூணு குடுத்தா எங்களுக்கு மார்க் குறையும்."

அது வேறு நட்சத்திரம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். என் கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்றாள். லினக்ஸ் என்றேன். அப்படி ஒரு நோய் தங்கள் பட்டியலில் இல்லை என்பதைப்போல அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

"வாடிக்கையாளர் நீங்களா மேடம்?"

"என் தம்பி பேர்ல இருக்கு."

"அப்ப அவர்தான் பேசணும். எப்ப வருவார்?"

நான்கு வருடமாக அம்மா என்னிடம் கேட்கும் கேள்வி. அம்மாவிடம் சொல்வதையே அவளிடமும் சொன்னேன்.

"வருவான்."

"வந்ததும் பேசச் சொல்லுங்க மேடம். உங்க நாள் இனிதாக அமையட்டும்."

மறுநாள் நிலையத்தில் சாம்பிள் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டே போனில் புகாரின் நிலைமையைப் பார்த்தேன். இப்படி எழுதியிருந்தது: "வாடிக்கையாளரிடம் பேசினோம். வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார். புகார் மூடப்பட்டது."

தம்பியிடம் பேசினார்களா? அவன் பேசினானா? குழாயை வைத்துவிட்டு வெளியே ஓடிப்போய் அழைத்தேன்.

"என் தம்பிகிட்ட பேசினதா எழுதியிருக்கே. எந்த நம்பர்ல பேசினீங்க? எங்க இருக்கானாம்?"

"வாடிக்கையாளர் விவரம் ரகசியம் மேடம்."

"அவன் குரல் எப்படி இருந்துச்சுன்னாவது சொல்லுங்க."

"திருப்தியா இருந்துச்சு மேடம்."

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவள் இரண்டு தடவை சாப்பாடு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மீண்டும் புகார் கொடுத்தேன். இந்தத் தடவை அன்று சாயங்காலமே பதில்: "லைன்மேன் நேரில் சென்றார். வாடிக்கையாளர் வீட்டில் இருந்தார். இன்முகத்துடன் வரவேற்றார். கோளாறு சரிசெய்யப்பட்டது. வாடிக்கையாளர் கையெழுத்திட்டார்." கீழே கையெழுத்தின் படமும் இருந்தது. ஒரு சுழி, ஒரு கோடு. தம்பியின் கையெழுத்தும் ஒரு சுழி, ஒரு கோடுதான். பாதி உலகத்தின் கையெழுத்து அப்படித்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும், பெட்டிக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் எல்லாம் எட்டிப் பார்த்தேன். நெட் வரவில்லை. யாரும் வந்ததற்கான செருப்பு மண்கூட இல்லை.

"நான் நாள் பூரா வீட்லதாண்டி இருந்தேன்" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் அரை மணி நேரம் கண் அசந்துட்டேன். அப்ப வந்திருப்பானோ?"

அதுமுதல் அவள் பகலில் படுப்பதை விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் லைன்மேன் நிஜமாகவே வந்தார். தோளில் ஏணி, இடுப்பில் கருவிப் பை. பரவாயில்லையே என்று கதவைத் திறந்தேன். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பையிலிருந்து எடுத்தது போனை.

"போன தடவை கையெழுத்து ஆயிடுச்சு மேடம். போட்டோ ஆகல. வாடிக்கையாளரைக் கூப்பிடுங்க, மோடம் பக்கத்துல நிக்கச் சொல்லி ஒண்ணு எடுத்துக்கறேன்."

"போன தடவை நீங்களா வந்தீங்க?"

"என் பேர்லதான் மேடம் இருக்கு."

"வந்தீங்களா, இல்லையா?"

அவர் ஏணியைப் பார்த்தார். "வீடு வீடாப் போனா ஒரு நாளைக்கு எட்டு வீடுதான் முடியும் மேடம். எங்களுக்கு டார்கெட் நாப்பது."

அதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். "நீங்கதானா தம்பி அவனைப் பாத்தது? எளைச்சுப் போயிருந்தானா?"

இல்லையென்று சொல்லும்படி நான் கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. நாள் முழுக்க நடக்காததை நடந்ததாக எழுதிப் பழகிய மனிதருக்கு, நடக்காததை நடக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லைபோலும்.

"நல்லா இருந்தாரும்மா" என்றார். "சிரிச்சுப் பேசினார். கொஞ்சம் சதை போட்டிருந்தார்."

"கண்ணாடி போட்டிருந்தானா?"

"போட்டிருந்தாரும்மா."

தம்பி கண்ணாடி போடுகிறவன் இல்லை. "பாவம், கண்ணு கெட்டுப்போச்சு போலிருக்கு, ராப்பகலா அந்தத் திரையப் பாத்து" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லைன்மேன் காலி நாற்காலியையும் மோடத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று மாலை பதிவேட்டில் படம் ஏறியிருந்தது. கீழே: "வாடிக்கையாளருடன்."

எத்தனை தடவை பார்த்தேனோ அந்தப் படத்தை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அந்த மாதத்து முதல் ஞாயிறு வந்தது. நெட் வரவில்லை. அம்மா வழக்கம்போலத் தலைவாரி உட்கார்ந்திருந்தாள். பத்தேகால் தாண்டியது, பதினொன்று தாண்டியது. எங்கோ ஓர் ஊரில் அவன் வந்து தட்டியிருப்பான், கதவு திறந்திருக்காது. அக்காவும் அம்மாவும் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், அப்பாவின் வார்த்தையை அவர்களும் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். அடுத்த மாதமும் திறக்காவிட்டால் அப்புறம் தட்டவே மாட்டான். இதை நினைத்தபோது எனக்கு வந்த பயம், லேபில் எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தும் வந்ததில்லை.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு நிறுவனத்தின் "வாடிக்கையாளர் திருப்தி மைய"த்துக்குப் போனேன். கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஈ காக்கை இல்லை. வரிசையில் நிற்பவர்களுக்கென்று போட்ட கயிறுகள் யாருமில்லாத தரையை வளைத்து வளைத்துப் போயின. நான் ஒருத்தியே அந்த வளைவு எல்லாம் சுற்றி, டோக்கன் வாங்கி, திருப்தி அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன். இஸ்திரி கலையாத சட்டை, மேசைமேல் ஏழு கேடயங்கள்.

"நம்ம நிறுவனத்துல திறந்த புகார்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றார், நான் வாயைத் திறக்குமுன். "மூணு வருஷமா! காலையில வர்றது சாயங்காலத்துக்குள்ள மூடியாகணும். அதுக்குத்தான் இந்தக் கேடயமெல்லாம்."

"மூடறீங்க சார். கோளாறு அப்படியே இருக்கே."

"கோளாறு வேற டிபார்ட்மென்ட். நாங்க புகார். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. கோளாறை ஒவ்வொண்ணாச் சரி பண்ணிட்டிருந்தா புகாரை எப்ப மூடறது, சொல்லுங்க?"

"என் தம்பிகிட்ட பேசினதா எழுதியிருக்கு. அவன் காணாமப் போய் நாலு வருஷம் ஆச்சு. யார்கிட்ட பேசினீங்க? அதை மட்டும் சொல்லுங்க சார், போயிடறேன்."

அவர் முகம் மலர்ந்தது. தங்கள் சாதனையைப் பார்க்க ஒருவர் இவ்வளவு தூரம் வந்தது அவருக்கு இதுதான் முதல் தடவை போலிருக்கிறது. "வாங்க, காட்டறேன்."

நீளமான ஓர் அறை. குறுக்கே கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் இருபது பேர் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இருபது பேர் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னெல்லாம் வாடிக்கையாளரையே கூப்பிட்டுத் திருப்தியான்னு கேப்போம்" என்றார் அதிகாரி. "பாதிப் பேர் எடுக்க மாட்டாங்க. எடுத்தவங்க திட்டுவாங்க. அவங்களுக்கும் சிரமம், நமக்கும் மனக்கஷ்டம். அதனால வாடிக்கையாளரையும் நாங்களே வெச்சுக்கிட்டோம். அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க பாருங்க, ஆளுக்கு நாலாயிரம் வாடிக்கையாளர். நல்ல பயிற்சி குடுத்திருக்கோம்."

என் புகார் எண்ணைத் தட்டிப் பார்த்து, ஓரத்து மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே ஐம்பது வயதுக்காரர் ஒருவர். வழுக்கை, ஜலதோஷம், கழுத்தில் மப்ளர். அந்தப் பக்கத்துப் போனில், "ஆமாங்க, நெட் நல்லா இருக்கு, வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்கோம்" என்று யாராகவோ இருந்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒன்றரை வருஷமா உங்க தம்பி இவர்தான்" என்றார் அதிகாரி.

மப்ளர்க்காரர் கைகூப்பினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் நான்கு வருடத்தில் தம்பி என்று சொல்லி ஒருவரை என் முன்னால் யாரும் நிறுத்தியதில்லை. எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நல்லா இருக்கியாடா?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "மிகவும் திருப்தியா இருக்கேன்" என்றார்.

அதிகாரி பெருமையோடு தலையாட்டினார். நான் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் மப்ளர்க்காரர்தான்.

நான் அழுது முடித்ததும் அதிகாரி இரக்கத்தோடு வழி சொன்னார். இணைப்பு என் பேருக்கு மாறினால் புது வாடிக்கையாளர் ஆகிவிடுவேன். புது வாடிக்கையாளருக்கு ஒரே நாளில் புது லைன் இழுத்துவிடுவார்கள், அது விற்பனைப் பிரிவு, அங்கே எல்லாம் நிஜமாகவே வேலை செய்யும். படிவத்தை நீட்டினார். பெயர் மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று, வீட்டை விற்றல். மற்றது, வாடிக்கையாளர் மறைவு.

"காணாமப் போனதுக்குக் கட்டம் இல்லையே சார்?"

"எப்படிங்க இருக்கும்? வாடிக்கையாளர்னா இருக்கணும், இல்ல போயிருக்கணும். நடுவுல நின்னா சிஸ்டம் ஏத்துக்காது."

"இறப்புச் சான்றிதழ் கேப்பீங்களே, அது என்கிட்ட இல்ல."

"சான்றிதழா? சேச்சே. உங்க வார்த்தை போதும். வாடிக்கையாளரை நாங்க முழுசா நம்பறோம்."

பேனாவை எடுத்தேன். பதினாறு வருடத் தொழிலில் ஒரு சொட்டு ரத்தம் பார்க்காமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. வரப்போகும் முதல் ஞாயிற்றுக்கு நான்கு நாள் இருந்தது. அவன் வந்து தட்டும்போது கதவு திறக்க வேண்டும், அதற்கு அவன் செத்திருக்க வேண்டும். வேறு வழி இருந்திருந்தால் செய்திருப்பேன். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

"அஞ்சலிப் பிரிவிலேர்ந்து மறைந்த வாடிக்கையாளர் நம்பருக்கு ஒரு இரங்கல் செய்தி போகும்" என்றார் அதிகாரி. "அதை மட்டும் நாங்களே வாங்கி வெச்சுக்கறதில்ல. அந்த நம்பருக்கே அனுப்பிடுவோம். இறந்தவங்க விஷயத்துல பொய் சொல்லக் கூடாது பாருங்க."

வியாழக்கிழமை நெட் வந்துவிட்டது. நட்சத்திரங்கள் போய் எல்லா வரியிலும் பதில் வந்தது. என்ன செய்து கொண்டுவந்தாய் என்று அம்மா கேட்கவில்லை. பெட்டியைத் துடைத்தாள், நாற்காலியைத் துடைத்தாள்.

ஞாயிறு பத்தேகால். திரை அசையவில்லை. பத்தரைக்கு நான் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தேன். வெளியே போகும் வழியும் சரியாக இருந்தது, உள்ளே வரும் வழியும் சரியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அம்மா கேட்டாள்.

"கதவு திறந்துதானே இருக்கு?"

"திறந்துதாம்மா இருக்கு."

"அப்ப ஏன் வரல?"

பெட்டியின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கட்டத்தில் டிக் போட்டதால்தான் அவன் எங்கோ நிஜமாகவே செத்துவிட்டான் என்று தோன்றியது. படித்தவள் நினைக்கிற நினைப்பில்லை. ஆனாலும் தோன்றியது, சாயங்காலம்வரை போகவில்லை.

திங்கட்கிழமை நிலையத்தில் இருக்கும்போது நிறுவனத்திலிருந்து போன். புகார் எண்ணில் பேசிய அதே பெண், அதே பெருமகிழ்ச்சி.

"மேடம், உங்க இணைப்பைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்கோம். பழைய வாடிக்கையாளர் ஒரு புகார் குடுத்திருக்கார்."

"எந்தப் பழைய வாடிக்கையாளர்?"

"மறைந்த வாடிக்கையாளர் மேடம். தான் மறையலன்னு சொல்றார். நாங்க அனுப்பின இரங்கல் செய்தியப் பாத்துட்டு நேத்து அவர் நம்பர்லேர்ந்து கூப்பிட்டார். இப்ப மறுபடி அணைச்சு வெச்சிருக்கார்."

எனக்குப் புத்தி வந்திருந்தது. இன்னொரு தடவை ஏமாற நான் தயாராக இல்லை.

"அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்கதானேம்மா? மப்ளர்க்காரர்தானே?"

"இல்லவே இல்ல மேடம்" என்றாள் அவள். முதல்முறையாக அந்தக் குரலில் பெருமகிழ்ச்சி இல்லை. "அவங்கன்னா திருப்தியா இருப்பாங்களே. இவர் திருப்தியாவே இல்ல. யார் எழுதிக் குடுத்ததுன்னு சத்தம் போட்டார். உங்க பேரைச் சொன்னேன். அக்காவான்னு கேட்டார். அப்புறம் பேசல. அழுத மாதிரி இருந்துச்சு. இப்படி ஒரு வாடிக்கையாளர் எனக்கு வந்ததே இல்ல மேடம், எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியல."

கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தேன். பக்கத்தில் ஊசிக்காகக் கை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர், "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

"தான் உயிரோட இருக்கறதா நிரூபிக்க அவரும், மறைஞ்சதா எழுதின நீங்களும் ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல வரணும்னு விதி மேடம். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னார்." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆனா சாயங்காலத்துக்கு மேல புகாரைத் திறந்து வெக்க முடியாது. நான் மூடிடட்டுமா மேடம்?"

"வேணாம்மா" என்றேன். "உனக்குக் கோடிப் புண்ணியம். அவன் வர்ற வரைக்கும் அது திறந்தே இருக்கட்டும்."